திரிக்குள் ஒரு கம்பி

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டு ஹால் சுவரில் ஒரு கறுப்புக் கோடு முளைத்தது.

ஜன்னலுக்குப் பக்கத்தில். கீழே மெலிசாகத் தொடங்கி, மேலே போகப் போக விரிந்து, சீலிங்கைத் தொடுவதற்குள் மங்கி மறைந்துபோகிற கோடு. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ இங்க்கில் வரைந்த பனைமரம் மாதிரி இருந்தது. அழகுதான். தொட்டேன். விரல் கறுப்பானது.

கோட்டுக்கு நேர் கீழே, ஜன்னல் பலகையில், ஸ்டெல்லா கொடுத்த மெழுகுவர்த்தி.

ஸ்டெல்லா யார் என்று சொல்லிவிடுகிறேன். அனுமந்தன்பட்டிக்காரி. பல வருஷமாக எனக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். சில வருஷமாக மெழுகுவர்த்தியும் செய்கிறாள். சின்னக் கண்ணாடி டம்ளரில் மெழுகை ஊற்றி, ஏலக்காய் எண்ணெய் கலந்து, நடுவில் ஒரு திரி. அவ்வளவுதான். ஆனால் ஏற்றிவைத்தால் வீடே ஒரு மலைக்குப் போய்விட்டு வந்த மாதிரி ஆகிவிடும். அவள் கணவர் அருள், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். அவர் சட்டையிலிருந்துதான் இந்த ஐடியாவே வந்தது என்பாள் ஸ்டெல்லா. எஸ்டேட்டுக்குப் போய்த் திரும்புகிற சட்டையில் அந்த வாசனை அப்படி ஏறியிருக்குமாம்.

பிளவுஸ் வாங்கப் போன இடத்தில், "புதுசா ஒரு திரி போட்டிருக்கேன், ஏத்திப் பாத்துட்டுச் சொல்லுங்கக்கா" என்று ஒன்றைக் கையில் கொடுத்தாள். இரண்டு சாயங்காலம் ஏற்றினேன். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, அல்லிநகரத்துத் தெருச் சத்தம் ஒவ்வொன்றாகத் தணிவதைக் கேட்டுக்கொண்டு, சுடரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். எதையும் யோசிப்பதில்லை. சுடர் ஆடும். சுவரில் நிழல் ஆடும். மனசு அது பாட்டுக்கு எங்கேயோ போய்விட்டு வரும்.

என் வீட்டுக்காரர்தான் இரண்டாவது நாள் மூக்கைச் சுருக்கினார்.

"ஏலக்காய் மணக்குது. ஆனா அதுக்குப் பின்னாடி... பக்கெட் உருகுற மாதிரி ஒரு வாடை வருதே?"

அவருக்கு எதற்கெடுத்தாலும் வாடை வரும். நான் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் காலையில் சுவரில் இந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் கண்டுகொண்டேன்.

நாம் ஒரு மெழுகுவர்த்தி வாங்கும்போது என்னவெல்லாம் கேட்கிறோம்? என்ன வாசனை, என்ன கலர், எவ்வளவு நேரம் எரியும், கண்ணாடி வெடிக்காதே... திரி எதனால் ஆனது என்று யாராவது கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை. எரிவது என்னவோ திரிதான்!

கத்தரிக்கோலை எடுத்து, மெழுகைச் சுரண்டி, திரியை உருவினேன். நூல் திரி என்றால் விரலில் துவளும். இது விறைப்பாக நின்றது. வளைத்தால் வளைந்த இடத்திலேயே அப்படியே நின்றது. நகத்தால் நூலைப் பிரித்தேன். உள்ளே, தலைமுடி மாதிரி, சாம்பல் நிறத்தில் ஒரு கம்பி.

போனை எடுத்துத் தேடினேன். படிக்கப் படிக்க எனக்கு உட்காரத் தோன்றவில்லை. மெழுகு இளகும்போது திரி சாய்ந்துவிடாமல் இருக்கச் சிலர் நடுவில் கம்பி வைப்பார்களாம். ஒரு காலத்தில் அது ஈயக் கம்பி. எரியும்போது ஈயம் காற்றில் கலக்கும், குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது என்று தெரிந்த பிறகு பல நாடுகளில் தடை செய்துவிட்டார்கள். இப்போது கம்பி வைப்பவர்கள் பெரும்பாலும் துத்தநாகம் வைக்கிறார்கள், அதில் பயமில்லை என்கிறார்கள். எது என்று எப்படித் தெரியும்? வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள், பென்சில் மாதிரி கோடு விழுந்தால் ஈயமாக இருக்கலாம் என்று போட்டிருந்தது.

தேய்த்தேன்.

மெல்லிசாக, பென்சிலில் கிழித்த மாதிரியே, ஒரு சாம்பல் கோடு.

லேபில் கொடுத்துப் பார்க்காமல் ஈயம்தான் என்று சத்தியம் பண்ண முடியாது. எனக்கும் தெரியும். மேலே சுற்றியிருந்த நூலைத் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி நூல் என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும். இது உருகியது. நுனியில் கறுப்பாக ஒரு மணி மாதிரி உருண்டு இறுகியது. நைலான் கலந்த நூல். வீட்டுக்காரர் சொன்ன பக்கெட் வாடை இதுதான்.

அன்றைக்குத் திருக்கார்த்திகை. புது அகல்விளக்குகள் பின்கட்டில் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும்தான் எனக்கு ஸ்டெல்லா சொன்னது ஞாபகம் வந்தது. மேகமலையில் ஒரு எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளுக்குத் திருக்கார்த்திகைக்காக மொத்தமாக மெழுகுவர்த்தி கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாளே... அந்த மலைக்காற்றுக்கு அகல் நிற்காது, டம்ளருக்குள் இருக்கிற சுடர் நிற்கும் என்று அங்கேயிருக்கிற பால்வாடி டீச்சரின் யோசனை. வீட்டுக்கு வீடு ஜன்னலில் வைப்பார்களாம்.

லைன் வீடு என்றால் ஒரே ரூம், ஒரு சமையல்கட்டு. குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கும். உள்ளே கைக்குழந்தைகள்.

போனில் சொல்கிற விஷயமா இது? கம்பம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

தூறல். சின்னமனூரைத் தாண்டியதும் திராட்சைப் பந்தல்கள் நனைந்து கறுத்துக் கிடந்தன. மலை இருக்கவேண்டிய இடத்தில் மலை இல்லை. வெள்ளையாக ஒரு வெறுமை மட்டும். வழக்கமாக அந்த ரோட்டில் ஜன்னல் சீட் கிடைத்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம். அன்றைக்கு என்ன பார்த்தேன் என்றே தெரியவில்லை. ஸ்டெல்லாவிடம் எப்படிச் சொல்வது? இதையேதான் திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டு போனேன். தைத்த பிளவுஸ் பிடிக்கிறது என்று சொல்லலாம், பிரித்துத் தா என்று சொல்லலாம். உன் மெழுகுவர்த்தியில் விஷம் இருக்கலாம் என்று ஒரு மனுஷியிடம் எப்படிச் சொல்வது?

ஸ்டெல்லா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அருள் வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். மத்தியானம் மேலே ஒரு ட்ரிப் இருக்கிறதாம்.

நான் தாளையும் கம்பியையும் மேஜையில் வைத்தேன். வைத்ததும் எல்லாம் கடகடவென்று வாயில் வந்துவிட்டது. பாதியிலேயே அவள் முகம் வெளுத்துவிட்டது. வழக்கமாக மதுரையில் ஒரு கடையில்தான் பருத்திப் பின்னல் திரி வாங்குவாளாம். இந்தத் தடவை அங்கே ஸ்டாக் இல்லை. ஆன்லைனில் வரவழைத்திருக்கிறாள். ரோலில் பிரீமியம் என்று போட்டிருந்தது, வேறு ஒன்றும் போடவில்லை. விறைப்பாக நேராக நிற்கிறதே, இதுதான் நல்ல திரி போல என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"எப்பவும் புதுத் திரி வந்தா நுனியக் கொளுத்திப் பாப்பேன்க்கா. இதையும் பாத்தேன். நல்லா உசரமா எரிஞ்சுச்சு."

"சரி, எரிஞ்சுச்சு. அந்த வாடை? பிளாஸ்டிக் நாத்தம் குடலைப் பிடுங்குதே, உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

கேட்டிருக்கக்கூடாது என்று கேட்டபிறகு தெரிந்தது. அவள் வாசலைப் பார்த்தாள். அருள் பைப்பைப் பிடித்துக்கொண்டு முதுகு காட்டி நின்றிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு வாசன தெரியாதுக்கா. அந்தக் கொரோனாக் காய்ச்சலோட போனதுதான். திரும்பி வரவே இல்ல."

நான் அவளையே பார்த்தேன். ஏலக்காய் மெழுகுவர்த்தி... வெட்டிவேர் மெழுகுவர்த்தி... ஊரெல்லாம் மோந்து பார்த்துப் பாராட்டிய அத்தனையும் வாசனையே தெரியாமலா?

காய்ச்சலுக்கு முன்னாலேயே அளவு எனக்கு அத்துப்படி என்றாள். எவ்வளவு மெழுகுக்கு எவ்வளவு எண்ணெய் என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால் மூக்கு வேண்டியதில்லையாம். ஏலக்காய் என்றால் அவளுக்கு இப்போது பச்சையாக ஒரு வெளிச்சம்தான் ஞாபகம் வருமாம். காலையில் மரத்துக்கடியில் இருக்குமே, அந்த மாதிரி. அந்த வெளிச்சத்தை நினைத்துக்கொண்டே ஊற்றுவாளாம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூக்கில்லாதவள் செய்கிற வாசனையை யார் வாங்குவார்கள்?

"அவுகளுக்கும் தெரியாது. சொல்லிறாதீகக்கா."

மெழுகுவர்த்தி எல்லாம் எங்கே என்று கேட்டேன். முந்தின நாளே அருள் ஜீப்பில் மேலே போய்விட்டிருந்தது. டீச்சருக்கு போன் போட்டோம். மேகமலையில் டவர் எப்போது கிடைத்திருக்கிறது, அன்றைக்குக் கிடைப்பதற்கு? திரி சரியில்லை, உடனே மேலே போகணும் என்று மட்டும் அருளிடம் சொன்னோம். அவர் பைப்பை மூடிவிட்டுச் சாவியை எடுத்தார்.

டீசல் வாசனை, ஈரச் சாக்கு வாசனை. ஜீப்பின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். செக்போஸ்ட்டைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பனிமூட்டமாக மஞ்சு இறங்கிவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் பத்தடி ரோடு. அதற்கப்பால் ஒன்றுமில்லை. மரங்கள் ஒவ்வொன்றாகக் கிட்டே வந்து, தாங்கள் யார் என்று காட்டிவிட்டுப் பின்னால் போயின. ஜீப் போகிறதா, மலை இறங்கி வருகிறதா என்று சொல்ல முடியாத நேரம் அது. தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி போய்க்கொண்டிருந்தோம்.

அப்படி ஒரு வளைவில்தான் ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். எதிரே இருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு வாசன தெரியாது. காய்ச்சலுக்கு அப்புறம் போயிருச்சு. ஒங்ககிட்ட சொல்லல."

அருள் கியர் மாற்றினார். வளைவை முடித்தார்.

"தெரியும்."

அவள் திரும்பினாள். அவர் திரும்பவில்லை. பால் அடிப்பிடித்து வீடு முழுக்கத் தீய்ந்த வாடை அடித்த ஒருநாள், அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அன்றைக்கே தெரிந்துவிட்டது என்றார்.

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்." கொஞ்ச தூரம் போனபிறகு, "தெனம் ஒனக்கு முன்னாடி எந்திரிச்சு அடுப்படிக்கு எதுக்குப் போறேன்? கேஸ் கசிஞ்சா ஒனக்குத் தெரியாதுல்ல... ஜன்னலத் தொறந்து, மோந்து பாத்துட்டு வருவேன்."

ஸ்டெல்லா கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்தாள். பிறகு, "நான் வெல்லம் திங்கப் போறீகன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

"அதுவுந்தான்" என்றார் அருள்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை. மஞ்சுதான். ஆனால் சில நேரங்களில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத பக்கம் ஒன்று நமக்கு வேண்டியிருக்கிறது, இல்லையா?

மேலே தேயிலைக்கு நடுவில் லைன் வீடுகள் நனைந்து நின்றன. பால்வாடி டீச்சர் முத்துலட்சுமி குடையோடு ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும். கம்பளிக்குல்லாவும் புடவையும். விஷயத்தைக் கேட்டதும் குடையைத் தாழ்த்திவிட்டார். காலையிலேயே வீடு வீடாகக் கொடுத்து முடித்திருந்தார். எல்லோரும் ஆசையாக வாங்கி வைத்திருக்கிறார்கள், சாயங்காலம்தான் ஏற்றுவார்கள், இன்னும் நேரமிருக்கிறது என்றார்.

ஒரு வீட்டில் மட்டும் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சுடர் தெரிந்தது.

கரண்ட் இல்லையாம். உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று ஏற்றி வைத்துவிட்டு, அந்தப் பெண் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளினோம். உள்ளே காற்றே கனமாக இருந்தது. உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வாசலிலேயே அந்த வாடை முகத்தில் அடித்தது. ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் அடிக்கவில்லை. அவள் சுடரைத்தான் பார்த்தாள். உயரமாக, நுனியில் புகை நூல் விட்டு ஆடிக்கொண்டிருந்த சுடர். டம்ளரின் வாய் முழுக்கக் கறுப்பு. நேராகப் போய் அதை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். மஞ்சு உள்ளே வந்தது. குழந்தை ஒரு தும்மல் போட்டுவிட்டு, மறுபடி தூங்கிப்போனது.

அந்தப் பெண் ஈரக்கையோடு வந்து நின்றாள். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஸ்டெல்லா சொல்லிவிட்டாள்.

"ஆத்தா, இத நான்தான் செஞ்சேன். திரி சரியில்ல. எனக்கு மோந்து பாக்கத் தெரியாது, அதனால கண்டுபிடிக்காம விட்டுட்டேன். இத ஏத்தாதீக. பிள்ளைக்கு ஆகாது."

அந்தப் பெண் தொட்டிலைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"நானும் ஒரு மாதிரி வாடையடிக்குதேன்னு நெனச்சேன். டீச்சரு குடுத்ததாச்சேன்னு பேசாம இருந்துட்டேன்."

ஒரு பிரச்சினையை நாம் எல்லோரும் முகர்ந்துவிடுகிறோம். சொல்வதற்குத்தான் யாராவது கீழேயிருந்து ஜீப் பிடித்து வரவேண்டியிருக்கிறது. நான் உட்பட. இரண்டு சாயங்காலம் அந்த வாடையில் உட்கார்ந்து கனவு கண்டவள்தானே நான்?

அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஸ்டெல்லா அதையே சொன்னாள். அதே வார்த்தைகள். முதல் வாசலில் நடுங்கிய குரல், கடைசி வாசலில் நடுங்கவில்லை. டம்ளர்கள் எல்லாம் பால்வாடிக்குத் திரும்பி வந்தன. மூட்டை கட்டிக் கீழே கொண்டுபோய்விடலாம், இன்னொரு நாள் நல்லதாகச் செய்து தருகிறேன் என்றாள் ஸ்டெல்லா. டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் விடிந்ததிலிருந்து இதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்றார்.

"மெழுகு நல்ல மெழுகுதான். திரி மட்டும் மாத்தணும். பருத்தித் திரிக்கு இங்கன எங்க போறது?"

டீச்சர் அவளைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தார்.

"இன்னைக்குத் திருக்கார்த்திகை. திரி இல்லாத வீடு எது?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அகலுக்கு வாங்கி வைத்திருந்த நூல் திரி வீட்டுக்கு வீடு வந்தது. வெள்ளை வெளேரென்று பருத்தி. முதலில் ஒன்றை அப்படியே டம்ளரில் நட்டு ஏற்றிப் பார்த்தாள் ஸ்டெல்லா. இரண்டு நிமிஷத்தில் மெழுகுக்குள் சாய்ந்து, முங்கி, அணைந்துவிட்டது. எண்ணெயில் கிடந்து எரிகிற திரி வேறு. மெழுகில் நின்று எரியவேண்டிய திரி வேறு. அதற்குக் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். ஸ்டெல்லா மூன்று நூலைச் சேர்த்துத் தட்டையாகப் பின்னினாள். உருகிய மெழுகில் முக்கி எடுத்து, இரண்டு கையாலும் இழுத்துக் காயவிட்டாள். அது நின்றது.

தட்டையாகப் பின்னுவதில் ஒரு விஷயம் இருக்கிறதாம். எரிய எரிய அதன் தலை மெல்ல ஒரு பக்கமாக வளைந்து, சுடரின் ஓரத்துக்குப் போய், தன் நுனியைத் தானே எரித்துக்கொள்ளும். கரி கட்டாது. புகை வராது. கம்பியும் வேண்டாம், நைலானும் வேண்டாம்.

பிறகு நடந்ததைச் சொன்னால் நான் எங்கேயோ கண்ட கனவு என்பீர்கள்.

பால்வாடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து திரி பின்னினார்கள். பிள்ளைகளுக்குத் தலை பின்னிப் பழகிய விரல்கள். தூறல் தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அடுப்பில் அண்டாவில் வெந்நீர். அதில் டம்ளர்களை இறக்கி வைத்தால் மெழுகு இளகும். பழைய திரியை உருவி எடுத்து ஒரு டப்பாவில் போடுவது என் வேலை. திரிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு இருக்கும், திரி விழாமல் பிடித்துக்கொள்ள. அதை மட்டும் கழற்றித் துடைத்து, புதுத் திரியைச் செருகி, ஜீப்பிலிருந்து கொண்டுவந்த குறடால் அருள் அமுக்கிக் கொடுத்தார். டம்ளரின் வாயில் குறுக்கே ஒரு ஈர்க்குச்சி. அதில் திரியின் தலையைக் கட்டித் தொங்கவிட்டால் நடுவில் நேராக நிற்கும். திறந்த கதவு வழியாக மஞ்சு வந்து எல்லோர் மடியிலும் உட்கார்ந்துவிட்டுப் போனது. ஏலக்காய் வாசனை அந்த அறையைத் தூக்கிக்கொண்டு எங்கோ மிதந்துபோவது போல் இருந்தது. எனக்கு நேரமே தெரியவில்லை. கீழே ஒரு ஊர் இருக்கிறது, அதில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது, பின்கட்டில் அகல்கள் ஊறிக்கொண்டிருக்கின்றன என்பதெல்லாம் யாரோ சொன்ன கதை போல இருந்தது.

குளிருக்கு மெழுகு சீக்கிரம் இறுகியது. அவசரமாக இறுகியதால் சிலவற்றில் நடுவில் குழி விழுந்தது, சிலவற்றில் வெடிப்பு. பார்க்க அத்தனை அழகில்லை. ஸ்டெல்லா கத்தரிக்கோலோடு ஒவ்வொன்றாகத் திரியின் தலையை வெட்டினாள். கால் அங்குலம் இருந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால்தான் சுடர் உயர்ந்து புகை கக்கும். நம் வீடுகளில் யார் இதைச் செய்கிறோம்? நான் செய்ததே இல்லை.

இருட்டத் தொடங்கியதும் ஏற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே திட்டில், திரைச்சீலைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லியிருந்தாள் ஸ்டெல்லா.

எல்லாம் எரியவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா? சிலது முங்கி அணைந்தன. சிலது விட்டுவிட்டு எரிந்தன. ஆனால் எரிந்தவை அமைதியாக எரிந்தன. சின்னச் சுடர், மஞ்சள், ஆட்டமில்லை, புகையில்லை. சரிவு முழுக்க மஞ்சுக்குள் அந்த வெளிச்சங்கள் பூசினாற்போல் நின்றன. வீடுகள் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் ஆகாசத்தில் இருந்தது. வந்ததும் பார்த்த அந்தக் கைக்குழந்தை, அம்மா தோளில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. ஸ்டெல்லா அதன் அருகில் போய் நின்றாள். கையை நீட்டினாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

"எப்படி மணக்குது, சொல்லுங்க" என்று குழந்தையின் அம்மாவிடம் கேட்டாள். முதல்முறையாக ஒருவரிடம் கேட்கிறாள்.

அந்தப் பெண் யோசித்தாள்.

"மழை விட்டதும் ஏலத் தோட்டத்துக்குள்ள நடந்தா வருமே... அப்படி."

ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். பச்சை வெளிச்சம் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

அந்த ரோல் இப்போது ஸ்டெல்லா வீட்டில் ஒரு டப்பாவுக்குள் மூடிக் கிடக்கிறது, லேபில் கொடுத்துப் பார்க்க. விற்ற கடைக்கு எழுதியிருக்கிறாள். பதில் இல்லை. புதிதாக எந்தத் திரி வந்தாலும் இனி பிரித்துப் பார்த்து, தாளில் தேய்த்து, வாசலில் கொளுத்தி அருள் மோந்து பார்த்த பிறகுதான் மெழுகுக்குள் இறங்கும். டம்ளரில் ஒரு சின்ன ஸ்டிக்கரும் ஒட்டுகிறாள். திரி: பருத்தி, கம்பி இல்லை. ஏற்றுமுன் நுனியை வெட்டவும். அதற்குக் கீழே: இதன் வாசனை எனக்குத் தெரியாது, எப்படி இருக்கிறது என்று போன் பண்ணிச் சொல்லுங்கள்.

இதைப் போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று நான்தான் பயந்தேன். நடந்தது வேறு. ஜனங்கள் போன் பண்ணுகிறார்கள். அதுவும் எப்படி! வேலைக்குப் போன இடத்தில் ஊர் ஞாபகம் வந்த மாதிரி என்கிறார் ஒருவர். இறந்துபோன அக்காவின் பெட்டியைத் திறந்த மாதிரி என்று ஒரு அம்மா அழுதிருக்கிறார். புதுப் பாடப்புத்தகத்துக்குள் யாரோ பாயசம் வைத்த மாதிரி என்று ஒரு குழந்தை. வாசனை தெரிந்த நாளில்கூட இத்தனை வாசனை எனக்குத் தெரியாதுக்கா என்கிறாள் ஸ்டெல்லா. அத்தனை பேரும் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்களாம்.

ஒரே ஒருத்தர் மட்டும், "ம்... மணக்குது" என்று முடித்துக்கொண்டாராம்.

வேறு யார்? அருள்தான்.